முதல் ஹெவி றொக் அல்பம்: மட்டக்களப்பிலேயே ஒலிப்பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

எழுபதுகளின் ஹெவி றொக் சத்தம் பிடிக்கும். பாண்டில் நாலு பேர். சொந்தமாகப் பத்துப் பாட்டாவது கையில் இருக்கிறது. கொழும்புக்குப் போய் ஸ்ரூடியோவை நாட்கணக்கில் வாடகைக்கு எடுக்க வழியில்லை. அப்படியானவர்களுக்குத்தான் இது. கிற்றாரும் டிரம்ஸும் அடிக்கத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் முதல் அல்பத்துக்குப் பதினான்கு மாதம் போனது. அதில் அரைவாசி, செய்ததையே திரும்பச் செய்ததில் போனது. பிறகு கல்லடியிலும் கல்முனையிலுமாக மூன்று பாண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்து பதிவு செய்து கொடுத்தேன். நாங்கள் இடறிய அதே கல்லில்தான் அவர்களும் இடறினார்கள். அந்தக் கல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு: "மறுகா", அதாவது பிறகு. ஸ்நேர் டிரம் இழுபடுதா? "மறுகா பாப்பம்." பேஸ் சுருதி இறங்கிட்டா? "மறுகா மிக்ஸில சரிக்கட்டலாம்." சரிக்கட்ட முடியாது. கீழே உள்ள வரிசை முழுக்க அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான்.

1. எட்டுப் பாட்டை எடுங்கள், மற்றதைக் கழியுங்கள்

எட்டுப் பாட்டு, மொத்தம் 40 நிமிடம் அளவில். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் ஏற்றினால் சத்தம் மெலியும். அதனால் அந்தக் கால அல்பங்கள் இந்த நீளத்திலேயே நின்றன. நாம் இசைத்தட்டு போடாவிட்டாலும், இந்த வகைப் பாட்டுக்குக் காது அந்த நீளத்தில் பழகிக் கிடக்கிறது. வேலைக்குப் போகிற நாலு பேரின் லீவு நாட்களும் அதற்கு மேல் தாங்காது.

தேர்வு செய்ய ஒரு சோதனை: டிஸ்டோர்ஷனை முழுதாக நிறுத்திவிட்டு றிஃபை (பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற கிற்றார்த் துண்டை) வாசியுங்கள். டிரம்ஸும் பேஸும் கூடவே வரட்டும். அப்போதும் தலை ஆடுகிறதா? ஆடினால் பாட்டு இருக்கிறது. ஆடாவிட்டால் உங்களிடம் இருந்தது பெடலின் சத்தம் மட்டும். எங்களிடம் 14 பாட்டு இருந்தது. டிஸ்டோர்ஷனை எடுத்த அன்றே ஐந்து விழுந்தது. அதில் ஒன்று நான் எழுதியது, இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை.

மிஞ்சியதை ஆறு வாரமாவது ஒத்திகை பாருங்கள். அறையின் நடுவில் கைபேசியை வைத்து ஒவ்வொரு தடவையும் பதியுங்கள். பிளாக் சபத் தங்கள் முதல் அல்பத்தை 1969 ஒக்டோபரில் ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள். மேடையில் அடித்து அடித்துப் பாட்டு கையில் ஊறியிருந்ததால்தான் அது நடந்தது. ஸ்ரூடியோவுக்குள் வந்து பாட்டுக்கு முடிவு தேடுகிற பாண்டுக்கு ஒரு நாளும் போதாது, ஒரு மாதமும் போதாது.

சுருதியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வழமையான சுருதி, அரைச்சுரம் கீழே, முழுச்சுரம் கீழே டி: இதில் ஏதாவது ஒன்று, கூடிப்போனால் இரண்டு. ஒவ்வொரு சுருதிக்கும் கம்பியின் தடிப்பும் பிரிட்ஜின் அமைப்பும் மாறும். ஒரே கிற்றாரில் மூன்று சுருதி மாற்றிப் பதிந்த பாண்டின் அல்பத்தில் ஒரு பாட்டுக்கூட முழுச்சுருதியில் நிற்கவில்லை.

2. வரிகளில் குறிலை இழுக்காதீர்கள்

தமிழில் ஹெவி றொக் பாடினால் மெட்டு உடைய முன்னமே சொல்தான் உடையும். றிஃபின் கடைசித் தட்டில் பாடகர் ஒரு சொல்லைப் பிடித்து நாலு தட்டுக்கு இழுப்பார். அந்த இடத்தில் குறில் இருந்தால் அது நெடிலாகி, சொல்லே வேறாகிவிடும்.

எங்கள் பாட்டொன்றில் "கல் உருளும்" என்று வரி. பாடகர் தன் முழு மூச்சையும் "கல்"லில் போட்டார். ஒத்திகை நடந்தது டிரம்மரின் வீட்டில். மூன்றாவது தடவை குசினிக்குள் இருந்து அவருடைய அம்மா கேட்டார்: "ஆருக்கு மனே கால் உருண்ட? அக்சிடென்டா?"

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். வரிகளைக் கொப்பியில் எழுதி, மேலே தட்டுகளை 1, 2, 3, 4 என்று போடுவேன். இழுபடுகிற இடத்தை வட்டமிடுவேன். வட்டத்துக்குள் ஆ, ஏ, ஓ உள்ள எழுத்து மட்டும்தான் வரலாம்: வா, தீயே, காற்றே, மாரி. "கடல்" வட்டத்துக்குள் விழுந்தால் "கடலே" என்று மாற்றி, இழுவையை "லே"யில் வைப்பேன். கத்திப் பாடவும் இதுதான் வசதி. வாய் திறந்து கிடந்தால் தொண்டை நோகாது.

இன்னொன்று, கிற்றார் சத்தத்துக்கு அடியில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். வலி, வழி, வளி என்ற மூன்றில் எதைப் பாடினாலும் கேட்பவருக்கு ஒன்றுதான். சுற்றியுள்ள சொற்கள் பொருளைக் காப்பாற்றும்படி எழுதுங்கள்.

"நம்ம ஊர்" என்று காட்டுவதற்காகக் கூத்து மத்தளத்தை அல்பத்தில் ஒட்டவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. வடமோடி ஆட்டத்தின் தாளம் றிஃபுக்குள்ளேயே வந்துவிட்டால் மத்தளமும் சல்லரியும் தேவைப்படாமலே போகலாம். அப்படி வராமல், பாட்டின் தொடக்கத்தில் இருபது விநாடி மத்தளம், பிறகு வழமையான நாலு தட்டு என்றால் அது அலங்காரம். அதை விடுங்கள்.

3. யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள்

சின்ன வேலை, பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், இசை யார், பங்கு எத்தனை வீதம் என்று எழுதி நாலு பேரும் கையெழுத்து வையுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிவு செய்யாமலே பதிப்புரிமை வந்துவிடும், எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 70 ஆண்டு நிற்கும். ஆனால் எழுதியவர் யார் என்ற சண்டையைச் சட்டம் முன்கூட்டியே தீர்த்து வைக்காது. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு இந்தத் தாளை எழுதப் போன பாண்டை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவர்கள் பாண்டாக இல்லை.

அடுத்தவர் பாட்டை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்பத்தில் சேர்க்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். முதல் அல்பத்துக்கு அந்தத் தலையிடி வேண்டாம்.

4. நாளையும் நேரத்தையும் ஊரிடம் கேளுங்கள்

ஐப்பசியிலிருந்து தை வரை மாரி. தகரமோ சீற்றோ போட்ட கூரைக்குக் கீழே மழை பெய்தால் டிரம்ஸுக்குள்ளேயே மழை கேட்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி, விடிய விடிய ஒலிபெருக்கி. ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா. நடுவே கச்சான் காற்று அடித்தால் கதவும் யன்னலும் ஓயாது. எங்களுக்குச் சரிப்பட்டது சித்திரை வருடம் கழிந்து சடங்குகள் தொடங்கும் வரையான சில வாரங்கள்தான். வெக்கை கொல்லும். ஆனால் ஊர் அமைதியாக இருக்கும்.

பள்ளிவாசலுக்குக் கிட்ட இருந்தால் பாங்கு நேரத்தை எழுதி சுவரில் ஒட்டுங்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் உண்டு. டிரம்ஸுக்கு அதுதான் நேரம். காகம் கரைகிற காலைப்பொழுதைப் பேஸுக்கு விடுங்கள், பேஸை நேரே வயரில்தான் எடுக்கப் போகிறோம்.

அயலட்டைக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள். ஏ.எல். சோதனை எடுக்கிற பிள்ளை உள்ள வீடு எது என்று முதலில் விசாரியுங்கள்.

5. மைக்குக்கு முதல் கரண்டைப் பாருங்கள்

எங்கள் முதல் பதிவு முழுவதும் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் ஓடியது. 50 ஹேர்ட்ஸ் கரண்டின் இரைச்சலும் அதன் மடங்குகளும். கேட்டும் விட்டுவிட்டோம். டிஸ்டோர்ஷன் போட்டதும் அது கிற்றாரைவிடப் பெரிதாக வந்தது. டிஸ்டோர்ஷன் சின்னச் சத்தத்தைப் பெருப்பிக்கிற வேலையைத்தான் செய்கிறது, எது பாட்டு எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது.

இதைத் தேடுகிற வரிசை: முதலில் மடிகணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான், பற்றரியில் பதியுங்கள். நிற்காவிட்டால் எல்லாச் சாமானையும் ஒரே பிளக்கிலிருந்து போகிற ஒரே நீட்டு வயரில் கொழுவுங்கள். வெவ்வேறு பிளக்கில் கொழுவினால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வந்து இரைச்சலாகும். அதற்கும் அடங்காவிட்டால் சீலிங் ஃபேன் றெகுலேற்றரையும் ரியூப் லைற்றையும் நிறுத்துங்கள். ஃபேன் றெகுலேற்றரில் மாட்டியவர்கள்தான் அதிகம். கடைசியாக, கிற்றாரோடு கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். சிங்கிள் கொயில் பிக்கப் என்றால் ஏதோ ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அங்கே நிலத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

இரைச்சலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் கம்பியை வெட்டவே வேண்டாம். ஒரு கை கிற்றார்க் கம்பியில், வாய் மைக்கில். அம்ப் கசிந்தால் உயிர் போகும். கடற்கரைப் பக்க மணலில் எர்த் கம்பி காய்ந்த மணலோடு நின்றுவிட்டால் அது எர்த்தே இல்லை. ஈரம் பிடிக்கிற ஆழம் வரை இறங்கியிருக்கிறதா என்று எலக்ரீசியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் மடிகணினி பற்றரியில் ஓடும், தனி அடப்ரரில் ஓடுகிற இன்ரர்ஃபேஸ் (மைக்கையும் கிற்றாரையும் கணினியில் கொழுவுகிற பெட்டி) செத்துவிடும், பதிந்துகொண்டிருந்த டேக் போய்விடும். ஆகவே கிற்றார், குரல் வேலைக்கு யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுக்கிற சின்ன இன்ரர்ஃபேஸ் போதும். டிரம்ஸ் நாளுக்கு யூபிஎஸ் வையுங்கள். மலிவான யூபிஎஸ் சிலது தானே இரையும், அதனால் வாங்குமுன் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

6. டிரம்ஸுக்கு ஒரு பெரிய அறை

இந்த வகை றொக்கின் சத்தத்தில் பாதி அறைதான். லெட் செப்பெலின் தங்கள் நான்காவது அல்பத்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தது இதற்காகத்தான். நமக்கு மாடிப்படிக் கூடம் இல்லை. நெல் ஸ்ரோர் இருக்கிறது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் தெரிந்தவரின் ஸ்ரோர் ஒன்றில்தான் நாங்கள் பதிந்தோம். உயரமான கூரை, சீமெந்து நிலம், பெரும்போக நெல்லில் அரைவாசி விற்று மிச்சம் மூலைகளில் அடுக்கியிருந்தது. உள்ளே போனதும் நடுவில் நின்று ஒருதரம் கையைத் தட்டுங்கள். "டர்ர்ர்" என்று சத்தம் சுவருக்குச் சுவர் ஓடினால் டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் அது ஓடும். நாலு தும்பு மெத்தையை எதிரெதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தோம், ஓட்டம் நின்றது. மூலை மூட்டைகளை அப்படியே விட்டோம். அவற்றை நகர்த்திப் பார்த்தபோது பேஸ் டிரம் மூலையில் போய் ஊதியது.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது மேல்சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், கீழ்ச்சத்தத்தைத் தொடாது. மிஞ்சுவது செத்த, மங்கிய ஒரு அறை. எலியும் வரும்.

7. முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியவை

மறக்கிற சாமான் எப்போதும் சின்னதுதான். புது டிரம் ஸ்கின், ஸ்ரிக் மூன்று சோடி, கிற்றார்க் கம்பி ஒரு கிற்றாருக்கு நாலு செற், பேஸ் கம்பி, டிரம் சாவி, பெடல் பற்றரி, துணி டேப். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் நாளைக்கு வரும் என்பார்கள், நாளன்றைக்கு வரும். ஒரு வாரம் முதல் கையில் இருக்கட்டும். கல்லடிக் கடற்காற்றில் கம்பி கெதியாகத் துரு ஏறும், பைக்கற்றைப் பதிவு நாளில்தான் உடைக்க வேண்டும்.

டிரம்ஸ் செற் இல்லாவிட்டால் தேவாலயங்களில் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் கிழமைநாளில் தருவார்கள், ஞாயிறு காலைக்கு முதல் திரும்ப அடுக்கி வைப்போம் என்ற உறுதியோடு.

எட்டு மைக் கொழுவுகிற இன்ரர்ஃபேஸை விலைக்கு வாங்காதீர்கள். கல்யாணவீட்டுச் சவுண்ட்ஸ்காரர்களிடம் பெஹ்ரிங்கர் எக்ஸ்32, எக்ஸ்ஆர்18 மாதிரியான டிஜிற்றல் மிக்ஸர் இருக்கும். அதை யூஎஸ்பி வயரால் மடிகணினியில் கொழுவினால் அதுவே இன்ரர்ஃபேஸ். கிழமைநாளில் அது சும்மாதான் கிடக்கும், மைக்கோடு சேர்த்து இரண்டு நாள் வாடகை பேசுங்கள்.

மென்பொருளுக்கு றீப்பர் போதும். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு சின்னப் பாண்டுகளுக்கான உரிமம் 60 டொலர். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் என்று தொடக்கத்திலேயே வையுங்கள். இந்த அளவில் ஒரு மைக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைற் எடுக்கும். நாலு மைக், ஐந்து நிமிடப் பாட்டு, ஆறு டேக், எட்டுப் பாட்டு என்று பெருக்கினால் டிரம்ஸுக்கு மட்டும் 8 கிகாபைற்றுக்கு மேல். டிஸ்க்கில் இடம் பாருங்கள்.

8. டிரம்ஸ்: இதில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு

புது ஸ்கின்னை முதல்நாள் இரவே போட்டு இழுத்து விடுங்கள். இரவில் அது தளரும், காலையில் திரும்ப ஏற்றுங்கள். திருகாணிகளை வட்டமாகப் போகாமல் எதிரெதிராக முறுக்க வேண்டும். ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே மெதுவாகத் தட்டி, எல்லா இடமும் ஒரே சுரம் வரும்வரை சரிசெய்யுங்கள்.

புதியவர்கள் செய்கிற பெரிய பிழை: கனமான சத்தம் வேண்டும் என்று ஸ்கின்னைத் தொளதொளவென்று விட்டு, பேஸ் டிரம்முக்குள் தலையணையைத் திணிப்பது. அது வேறு காலத்து மெற்றல் சத்தம். பழைய ஹெவி றொக்கில் டிரம்ஸ் நினைப்பதைவிட மேலே ரியூன் பண்ணியிருக்கும், இரண்டு பக்க ஸ்கின்னும் இருக்கும், அடித்தால் ஒரு சுரம் நின்று கரையும். அந்தக் கரைகிற நேரம்தான் காதுக்குக் கனமாகப் படுகிறது. உள்ளே ஒரு மடித்த துவாய் போதும்.

மைக் நாலே நாலு. ஸ்நேருக்கு ஒரு மீற்றருக்குச் சற்று மேலே ஒன்று. ஃபுளோர் ரொம்முக்குப் பக்கவாட்டில், ஹைஹற்றைப் பார்த்தபடி இரண்டாவது. பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒன்று. ஸ்நேருக்குக் கிட்ட ஒன்று. முதல் இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இதில் கண்மதிப்பு வேண்டாம். சணல் கயிற்றின் ஒரு நுனியை ஸ்நேரின் நடுவில் விரலால் அமத்திப் பிடியுங்கள். மறு நுனியை முதல் மைக்கின் வாய்வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கின் வாயைத் தொடும்வரை ஸ்ராண்டை நகர்த்துங்கள். 17 சென்ரிமீற்றர் பிசகினாலே 1000 ஹேர்ட்ஸ் அளவில் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று விழுங்கும், ஸ்நேர் காகிதப் பெட்டி மாதிரிக் கேட்கும். எந்த மிக்ஸாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

மீற்றரில் உச்ச அடி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சோதனைக்கு அடிக்கும்போது டிரம்மர் மெதுவாக அடிப்பார், சிவப்பு லைற் எரிந்ததும் இரண்டு மடங்கு அடிப்பார். எல்லா டிரம்மரும் இப்படித்தான்.

கிளிக் (ஹெட்போனில் தாளம் காட்டுகிற டிக் டிக்) வேண்டுமா என்பதில் சண்டை ஓயாது. என் முடிவு: ஒத்திகை முழுக்கக் கிளிக்கோடு, பதிவில் பாட்டைப் பொறுத்து. மெதுவான, கனமான பாட்டுக்குக் கிளிக்கை நிறுத்திவிடலாம், அந்த மூச்சு வாங்கல்தான் அழகு. வேகமான பாட்டுக்கு வையுங்கள். ஆனால் பல்லவி வரும் இடத்தில் நிமிடத்துக்கு இரண்டு தட்டுக் கூட்டி வையுங்கள், இரத்தமுள்ள மனிதர் எவரும் அங்கே கொஞ்சம் வேகம் கூட்டுவார்.

மற்ற மூவரும் ஹெட்போன் போட்டு டிரம்மரோடு சேர்ந்து வாசியுங்கள், இது அவருக்கு வழிகாட்ட மட்டும்தான். கிற்றாரை அம்ப் இல்லாமல் நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள், டிரம் மைக்குக்குள் அது கசியக்கூடாது. ஒரு பாட்டுக்கு ஆறு டேக். ஆறில் வராவிட்டால் வேறு பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். டேக் முடிந்ததும் அங்கேயே முழுதாகக் கேட்டு முடிவு சொல்லுங்கள். ஸ்ரோரைப் பூட்டிய பிறகு "மறுகா" கிடையாது, நெல் லொறி வந்துவிடும்.

9. பேஸ்

கிற்றார்காரர் அவசரப்படுவார். விடாதீர்கள், டிரம்ஸுக்கு அடுத்தது பேஸ்தான். கிற்றாரை முதலில் பதிந்துவிட்டால் அது எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், பேஸ் ஒளிந்து விளையாட வேண்டி வரும்.

நேரே வயரில் பதியுங்கள். பிறகு அதே பதிவைப் பிரதியெடுத்து ஒன்றில் மட்டும் இலேசாக டிஸ்டோர்ஷன் போடுங்கள். பேஸின் ஆகக் கீழ்க் கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. கைபேசி ஸ்பீக்கரால் அந்தச் சத்தத்தைத் தரவே முடியாது. டிஸ்டோர்ஷன் மேலே கிளப்பிவிடுகிற மேற்சுரங்களைக் கொண்டுதான் காது பேஸை அடையாளம் பிடிக்கும்.

றிஃப் ஓடும்போது பேஸ் கிற்றாரின் நிழலாகவே போக வேண்டும் என்றில்லை. கிற்றார் நிற்கிற இடத்தில் பேஸ் நடக்கட்டும். நாலு பேர் பாண்டில் இரண்டாவது கிற்றார் அதுதான்.

10. கிற்றார்: கெயினைக் குறையுங்கள், பிறகு இன்னும் குறையுங்கள்

அறையில் தனியாக அடிக்கும்போது நன்றாக இருக்கிற கெயின், பதிவில் சேறு. ஏனென்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு தரம் பதியப் போகிறீர்கள், டிஸ்டோர்ஷனும் இரண்டு மடங்காகும். கோர்ட்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கெயின் கூட. பழைய அல்பங்களில் கிற்றாரின் டிஸ்டோர்ஷன் நாம் நினைத்திருந்ததைவிட எவ்வளவு குறைவு என்று ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

இடமும் வலமும் இரண்டு தனி வாசிப்பு. ஒரே பதிவைப் பிரதி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் அதே சத்தம் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான். இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள மயிரிழை வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது.

சின்ன வால்வ் அம்ப் கிடைத்தால் நல்லது, 15 வாற்றே ஒரு அறைக்குக் காது கிழியும். ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நடுக்குமிழ் முடிகிற விளிம்பைப் பார்த்து, துணியிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள். நடுவுக்குப் போகப் போகக் கூர்மை, வெளியே போகப் போக மங்கல். அம்ப் இல்லாவிட்டால் மென்பொருள் அம்ப் பாவியுங்கள், குறையொன்றுமில்லை. எப்படியானாலும் கிற்றாரின் சுத்தமான சத்தத்தையும் கூடவே இன்னொரு பாதையில் பதிந்து வையுங்கள். வாசிப்பு நன்றாக வந்து அம்ப் சத்தம் பிழைத்துவிட்டால், அந்தச் சுத்தப் பதிவைத் திரும்ப அம்புக்குள் அனுப்பலாம்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் ரியூன் பாருங்கள். வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு அடிக்கிறோம், பத்து நிமிடத்தில் கம்பி இறங்கும். கீழ்ச்சுருதியில் புதியவர்கள் கம்பியை அளவுக்கு மீறி அமத்துவார்கள், அமத்துகிற பலத்திலேயே சுரம் ஏறிவிடும். சுருதி பார்க்கும்போதும் பாட்டில் அடிக்கிற அதே பலத்தோடு அடித்துப் பாருங்கள்.

11. குரல்

ஒரு நாளைக்கு இரண்டு பாட்டு, அதற்கு மேல் தொண்டை பொய் சொல்லும். பின்னேரம் நல்ல நேரம், காலையில் குரல் எழும்பியிருக்காது.

விலைகூடிய கொண்டென்சர் மைக்கை இரவல் வாங்கி வந்து, பக்கத்து ஒழுங்கைக் கோழியையும் சேர்த்துப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள். பண்படுத்தாத அறையில் மேடையில் பாவிக்கிற சாதாரண டைனமிக் மைக்தான் நல்லது, தனக்கு முன்னால் உள்ளதை மட்டும் பிடிக்கும். பாடகருக்குப் பின்னால் தும்பு மெத்தை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்.

வரித்தாளைப் பாடகர் கையில் கொடுக்காதீர்கள், கண் உயரத்தில் ஒட்டுங்கள். குனிந்து வாசித்தால் குரலும் குனியும். நாலு தரம் முழுதாகப் பாடவிட்டு, அதிலிருந்து வரி வரியாகப் பொறுக்கிச் சேருங்கள். சுருதி திருத்துகிற மென்பொருளை இந்த வகைக் குரலில் தொட்டால் அப்பட்டமாகத் தெரியும்.

12. மிக்ஸ்

ஒரு கிழமை ஒன்றையும் கேட்காதீர்கள். பிறகு டிரம்ஸின் மேல் மைக் இரண்டையும் மட்டும் திறந்து, அதிலேயே ஒரு பாண்ட் மாதிரிக் கேட்கும்வரை சமன் செய்யுங்கள். பிறகு பேஸ் டிரம், ஸ்நேர், பேஸ், குரல். கிற்றார் ஆகக் கடைசி, மிஞ்சிய இடத்துக்குள் வரட்டும். கிற்றாரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அங்கே அது சொல்ல ஒன்றுமில்லை, பேஸின் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது.

டிரம்ஸை மென்பொருளின் கட்டங்களுக்குள் இழுத்து நேராக்க வேண்டாம். பிழைத்த இடத்தை வேறு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டுங்கள், போதும்.

பழைய அல்பமொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிய பிறகு. பெரிதாகக் கேட்பது நல்லதாகக் கேட்கும், காது அப்படித்தான் ஏமாறும். பிறகு கைபேசியில் கேளுங்கள், ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள், கடைசியாகத் தெரிந்த ஒருவரின் திரீவீலரில் கல்லடிப் பாலத்தைக் கடந்தபடி கேளுங்கள். திரீவீலர் எஞ்சினுக்கு மேலால் குரலும் ஸ்நேரும் விளங்கினால் மிக்ஸ் முடிந்தது. எங்கள் மூன்றாவது பாட்டு அங்கேதான் தோற்றது, குரலை இரண்டு டெசிபல் கூட்டினோம்.

13. மாஸ்டரிங், வெளியீடு

மிக்ஸ் செய்தவரே மாஸ்டரிங்கும் (மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்குகிற கடைசி வேலை) செய்யாதீர்கள், அவருடைய காது அந்தப் பிழைகளுக்குப் பழகிவிட்டது. வேறொருவருக்கு 24 பிற் வேவ் கோப்பாக, லிமிற்றர் (உச்சச் சத்தத்தை அமத்துகிற கருவி) போடாமல், உச்சத்தில் சில டெசிபல் இடம் விட்டு அனுப்புங்கள். ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழமையாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கிற ஒலியளவின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் போடுகிறது. சத்தத்தை நசுக்கி நசுக்கிப் பெரிதாக்கினால் அங்கே அதைக் குறைத்துவிடுவார்கள், நசுங்கல் மட்டும் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலோடு நிற்கட்டும்.

பாட்டு வரிசையை நாலு பேரும் வாக்களித்து முடிவு செய்ய வேண்டாம். நாலாம் பாட்டு முடிந்ததும் ஒரு மூச்சு, ஐந்தாம் பாட்டு புதுத் தொடக்கம், இசைத்தட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒருவர் பொறுப்பெடுத்து அப்படி அடுக்கட்டும்.

ஏற்றிக் கொடுக்கிற சேவையில் பதியுமுன் பாருங்கள்: வருகிற காசு இலங்கை வங்கிக் கணக்குக்கு வந்து சேருமா, எந்த வழியாக? பாண்டின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஒரு எழுத்து மாறினால் இரண்டு பாண்டாகப் பிரிந்துவிடும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல் சதுரம். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டுகிற, 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் வரும், அதைக் குறித்து வையுங்கள். வெளியிடும் நாளுக்கு நாலு கிழமை முதலே ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பாட்டைக் காட்ட ஆகக் குறைந்தது ஏழு நாள் முன்பாவது அது அங்கே இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு வேலை. ஒவ்வொரு மைக்கின் பதிவையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, பெயரை ஒழுங்காக எழுதி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மென்பொருள் மாறும், பிளகின் காலாவதியாகும், வேவ் கோப்பு திறக்கும். இரண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. எங்களுடையதில் ஒன்று என் மேசை லாச்சியில். மற்றது செங்கலடியில், பேஸ்காரரின் அக்கா வீட்டு அலுமாரியில், கூறைச் சாறிக்கு அடியில் இருக்கிறது. அக்காவுக்கு அது என்னவென்று தெரியாது. ஈரம் பிடிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார்.